பதில் சொல்பவர் யார்?

வைஃபை குறியீட்டில் எல்லாக் கோடுகளும் நிறைந்திருக்கும். பிரவுசர் மட்டும் ‘இந்தத் தளத்தை அடைய முடியவில்லை’ என்று கைவிரிக்கும். உடனே எல்லோரும் செய்வது ரௌட்டரை ஆஃப் செய்து ஆன் செய்வது. சில நாள் சரியாகும், சில நாள் ஆகாது. சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது.

‘நெட் வரல’ என்று நாம் சொல்லும் இந்த ஒற்றைப் புகாருக்குள் சம்பந்தமில்லாத கோளாறுகள் பல இருக்கலாம். பிரித்துப் பார்க்க அரை நிமிடம் போதும். கணினியில் கட்டளைச் சாளரத்தைத் திறந்து, ‘பிங்’ கட்டளையோடு 1.1.1.1 என்ற எண்ணைக் கொடுங்கள். பிறகு அதே கட்டளையோடு ஏதாவது ஒரு தளத்தின் பெயரைக் கொடுங்கள். எண் பதில் சொல்லி, பெயர் மட்டும் ‘கண்டுபிடிக்க முடியவில்லை’ என்று வந்தால், வைஃபையிலும் குறையில்லை, தெருவில் வரும் ஃபைபரிலும் குறையில்லை. பெயரை எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ் ஏற்பாடுதான் படுத்துவிட்டது. எண்ணும் பதில் சொல்லாவிட்டால் ரௌட்டரையே பிங் செய்ய வேண்டும். அதன் எண் பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1. ரௌட்டர் பேசுகிறது, வெளியே யாரும் பேசவில்லை என்றால் இணைப்புக் கொடுத்தவருக்குப் போன் செய்யலாம். ரௌட்டரும் பேசாவிட்டால் கோளாறு நம் வீட்டுக்குள்ளேயே, காற்றில் இருக்கிறது.

பெயர் தேடல் ஒரு துறை, வானொலி அலை இன்னொரு துறை. ஆனால் வீட்டுக் கணினியில் இரண்டும் ஓரிடத்தில் முடிச்சுப் போட்டுக்கொள்கின்றன. ஒரு வைஃபையில் சேர்ந்த மறுகணமே, ‘பெயர்களுக்கு இனி இன்னாரிடம் விலாசம் கேள்’ என்று அந்த வைஃபையே உங்கள் கணினிக்குச் சொல்லிவிடுகிறது. கணினியும் மறுபேச்சில்லாமல் கேட்டுக்கொள்கிறது. இயங்குதளத்தின் அமைப்புகளிலேயே மிக வெகுளித்தனமானது இதுதான் என்பது என் எண்ணம்.

பெயர்களுக்குப் பதில் சொல்லும் வேலை ஒரு காலத்தில் ஒரே அலுவலகத்திடம் இருந்தது. இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெட்டில் இருந்த எல்லாக் கணினிகளின் பெயரும் எண்ணும் ‘ஹோஸ்ட்ஸ்.டிஎக்ஸ்டி’ என்ற ஒரே கோப்பில் எழுதப்பட்டிருந்தன. கலிபோர்னியாவின் மென்லோ பார்க்கில், ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்தில் எலிசபெத் ஃபைன்லர் தலைமையில் இயங்கிய தகவல் மையம் அதைப் பராமரித்தது. புதிதாக ஒரு கணினியைச் சேர்க்க வேண்டுமா? அலுவலக நேரத்தில் போன் செய்து சொல்ல வேண்டும். வாரத்துக்கு ஓரிரு முறை கோப்பைப் புதுப்பிப்பார்கள். மற்றவர்கள் அதைத் தங்கள் கணினிக்கு இறக்கிக்கொள்வார்கள். சில நூறு கணினிகள் இருந்தவரை இது ஓடியது. எண்ணிக்கை ஏற ஏற மூச்சுத் திணறியது.

அந்தக் கோப்பு செத்துப்போய்விடவில்லை. உங்கள் கணினியில் இப்போதும் இருக்கிறது. விண்டோஸில் சிஸ்டம்32 அடைவுக்குள் ‘டிரைவர்ஸ்’, அதற்குள் ‘எட்சி’, அதற்குள் ‘ஹோஸ்ட்ஸ்’. லினக்ஸிலும் மேக்கிலும் ‘எட்சி’ அடைவிலேயே இருக்கும். வழக்கமான அமைப்பில், வெளியே யாரிடமும் கேட்பதற்கு முன் கணினி இந்தக் கோப்பைத்தான் முதலில் புரட்டும். அதில் ஒரு வங்கியின் பெயருக்கு எதிரே தவறான எண் எழுதப்பட்டிருந்தால் அதையே நம்பும். விளம்பரத் தளங்களை முடக்க நினைப்பவர்கள் அவற்றின் பெயருக்கு எதிரே 0.0.0.0 என்று எழுதி வைப்பதும் இங்கேதான். வைரஸ் எழுதுபவர்கள் கைவைத்ததும் இங்கேதான். எல்லாம் சரியாக இருந்தும் ஒரே ஒரு தளம் மட்டும் திறக்க மறுத்தால், முதலில் பார்க்க வேண்டியது இந்தக் கோப்பை.

1983 நவம்பரில் தெற்குக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் தகவல் அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்த பால் மோக்கபெட்ரிஸ் இரண்டு ஆவணங்களை வெளியிட்டார். ஒரே கோப்பில் எல்லாப் பெயரையும் வைக்கும் முறைக்கு அவை முற்றுப்புள்ளி வைத்தன. ஒவ்வொரு நிறுவனமும் தன் கீழுள்ள பெயர்களைத் தானே பார்த்துக்கொள்ளும்; மேலே இருப்பவருக்கு ‘அடுத்து யாரைக் கேட்க வேண்டும்’ என்பது மட்டும் தெரிந்தால் போதும். இதுதான் டிஎன்எஸ்.

தமிழ் விக்கிப்பீடியாவைத் திறப்பதாக வைத்துக்கொள்வோம். டிஏ.விக்கிப்பீடியா.ஆர்க் என்ற பெயரைக் கணினி வலமிருந்து இடமாகப் படிக்கும் என்று சொன்னாலும் தவறில்லை. உங்களுக்காகத் தேடித் தரும் டிஎன்எஸ் சர்வர் முதலில் மூல சர்வர் ஒன்றிடம் போகும். அதற்கு விக்கிப்பீடியாவைத் தெரியாது. ‘ஆர்க்’ பெயர்களை நிர்வகிப்பவரின் விலாசத்தை மட்டும் தரும். அங்கே போனால் விக்கிப்பீடியாவின் சொந்த டிஎன்எஸ் சர்வர்களைக் கைகாட்டுவார்கள். அவர்கள்தான் கடைசியில் எண்ணைச் சொல்வார்கள். புது ஊரில் ஒரு வீட்டைத் தேடிப் போகிறவர் பேருந்து நிலையத்தில் தெருவைக் கேட்டு, தெருமுனைக் கடையில் வீட்டைக் கேட்பதைப் போன்றது இது. நிலையத்தில் இருப்பவருக்கு எல்லா வீடும் தெரிந்திருக்கத் தேவையில்லை.

மூல சர்வர்களுக்கு ஏ முதல் எம் வரை 13 பெயர்கள். ஏன் 13? அந்தக் காலத்து டிஎன்எஸ் பதில் ஒன்று 512 பைட்டுக்குள் அடங்க வேண்டும் என்பது விதி. அந்த அளவுக்குள் இத்தனை பெயர்களையும் எண்களையும்தான் நெருக்கி வைக்க முடிந்தது. பெயர் 13 என்றாலும் இன்று ஒவ்வொன்றுக்கும் உலகெங்கும் நகல்கள் இருக்கின்றன. மொத்தம் ஆயிரத்துக்கும் மேல். சென்னையிலும் உண்டு.

ஒவ்வொரு முறையும் இத்தனை பேரைக் கேட்டுக்கொண்டிருந்தால் இணையம் நகராது. அதனால் ஒவ்வொரு பதிலோடும் ‘இதை இத்தனை நொடிக்கு நம்பலாம்’ என்று ஒரு கெடு வரும். 300 நொடியாக இருக்கலாம், 86,400 நொடியாக, அதாவது ஒரு நாளாகவும் இருக்கலாம். கெடு முடியும்வரை நினைவில் வைத்திருப்பதையே கணினி திருப்பிச் சொல்லும். தளத்தை வேறு சர்வருக்கு மாற்றிவிட்டு, ‘டிஎன்எஸ் இன்னும் பரவவில்லை’ என்று காத்திருப்பவர்களைப் பார்க்கிறோம். எதுவும் பரவுவதில்லை. பழைய பதில்களின் கெடு முடிவதற்குத்தான் காத்திருக்கிறார்கள். ‘அப்படி ஒரு பெயரே இல்லை’ என்ற பதிலுக்கும் கெடு உண்டு. புதுப் பெயர் ஒன்றை வாங்கி, அது உயிர்பெறும் முன்பே ஆர்வத்தில் திறந்து பார்த்தால், அந்த ‘இல்லை’ சிறிது நேரம் ஒட்டிக்கொண்டுவிடும். விண்டோஸில் ‘ஐபிகான்ஃபிக்’ கட்டளையோடு ‘ஃப்ளஷ்டிஎன்எஸ்’ சேர்த்துக் கொடுத்தால் கணினியின் நினைவு அழியும். ரௌட்டரின் நினைவும் இணைப்பு நிறுவன சர்வரின் நினைவும் இதனால் அழியாது.

இனி அந்த முடிச்சுக்கு வருவோம். கணினி வைஃபையில் எப்படிச் சேர்கிறது? ரௌட்டர் நொடிக்குச் சுமார் 10 முறை தன் பெயரை அறிவித்துக்கொண்டே இருக்கும். கணினி அதைக் கேட்டு, பாஸ்வேர்டு தனக்குத் தெரியும் என்பதை, பாஸ்வேர்டைச் சொல்லாமலே, நான்கு செய்திகளில் நிரூபிக்கும். பிறகு ‘எனக்கு ஓர் எண் கொடுங்கள்’ என்று டிஎச்சிபி முறையில் கேட்கும். வரும் பதிலில் கணினிக்கான எண், வெளியே போகும் வழி, டிஎன்எஸ் சர்வரின் எண் மூன்றும் சேர்ந்தே இருக்கும். பெரும்பாலும் நடக்கிற தவறுகளும் மோசடிகளும் அந்த மூன்றாவது எண்ணைச் சுற்றித்தான்.

டிஎன்எஸ்சேஞ்சர் என்ற தீநிரல் செய்த காரியம் மிகச் சிறியது. கணினியில் அந்த ஓர் எண்ணை மட்டும் மாற்றியது. பாஸ்வேர்டு மாற்றப்படாத ரௌட்டர் கிடைத்தால் அதிலும் மாற்றியது. அதன்பின் எந்தப் பெயரைக் கேட்டாலும் மோசடிக்காரர்களின் சர்வரே பதில் சொல்லும். பெரும்பாலும் சரியான பதிலைத்தான் சொல்லும். அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. விளம்பரங்கள் வரும் இடத்தில் மட்டும் தங்களுக்குப் பணம் தரும் விளம்பரங்களுக்குத் திருப்பிவிட்டார்கள். 100க்கும் மேற்பட்ட நாடுகளில் சுமார் 40 லட்சம் கணினிகள் சிக்கின. 2011 நவம்பரில் அமெரிக்காவின் எஃப்பிஐ இதை அம்பலப்படுத்தியது. எஸ்டோனியாவைச் சேர்ந்த 6 பேர் கைதானார்கள். அவர்கள் குறைந்தது 1.4 கோடி டாலர் சம்பாதித்திருந்தார்கள்.

வேடிக்கை அதற்குப் பிறகுதான். கள்ள சர்வர்களை அணைத்தால் அவற்றையே நம்பியிருக்கும் லட்சக்கணக்கான கணினிகளுக்கு ஒரே இரவில் இணையம் போய்விடும். எனவே நீதிமன்ற உத்தரவு பெற்று, அதே எண்களில் நல்ல சர்வர்களை இயக்கினார்கள். அந்தப் பொறுப்பை இன்டர்நெட் சிஸ்டம்ஸ் கன்சார்டியம் என்ற லாப நோக்கற்ற அமைப்பு ஏற்றது. 2012 ஜூலை 9 அன்று அவையும் நிறுத்தப்பட்டன. அன்றுவரை தன் கணினியில் ஓர் எண் மாறியிருந்ததை அறியாமலேயே பலர் இருந்தார்கள்.

நல்லெண்ணத்தோடும் இந்த எண்ணைப் பலர் மாற்றுவார்கள். லினக்ஸ் மேசைக் கணினியில் இது ஒரு சண்டையாகவே நடக்கும். டிஎன்எஸ் சர்வரின் எண் ‘ரிசால்வ்.கான்ஃப்’ என்ற சிறு கோப்பில் இருக்கும். பயனர் அதைத் திறந்து 8.8.8.8 என்று எழுதிச் சேமிப்பார். கணினியை மறுபடி தொடங்கினால் அவர் எழுதியது காணாமல் போயிருக்கும். நெட்வொர்க்மேனேஜர் அதை எழுதும், சிஸ்டம்டி-ரிசால்வ்டு எழுதும், விபிஎன் மென்பொருள் வந்தால் அதுவும் தன் பங்குக்கு எழுதும். கோப்பின் தலையிலேயே ‘கையால் திருத்த வேண்டாம்’ என்று எச்சரிக்கை இருக்கும், யாரும் படிப்பதில்லை. வெறுத்துப்போய், யாரும் மாற்ற முடியாதபடி கோப்பையே பூட்டி வைப்பவர்கள் உண்டு. வெளியூர் போய் ஒரு விடுதி வைஃபையில் உள்நுழைவுப் பக்கம் வராமல் தவிக்கும்போதுதான் பூட்டியது நினைவுக்கு வரும். ஏனென்றால் அந்த உள்நுழைவுப் பக்கமே பல இடங்களில் விடுதியின் டிஎன்எஸ் சொல்லும் ஒரு பொய்யால்தான் திறக்கிறது.

சரியான வழி, கோப்பை விட்டுவிட்டு அதை எழுதுபவரிடம் சொல்வது. நெட்வொர்க்மேனேஜரில் ஒவ்வொரு இணைப்புக்கும் தனி அமைப்பு இருக்கிறது. வீட்டு வைஃபையின் அமைப்பைத் திறந்து, தானாக வரும் டிஎன்எஸ்-ஐ ஏற்க வேண்டாம் என்று குறித்துவிட்டு நமக்கு வேண்டியதை எழுதினால், வீட்டில் மட்டும் அது செல்லும். விண்டோஸிலும் இப்படித்தான்; கேபிளுக்குத் தனியாக, வைஃபைக்குத் தனியாகக் கொடுக்க வேண்டும். ஒன்றில் மாற்றிவிட்டு மற்றொன்றில் ‘வேலை செய்யவில்லையே’ என்று தேடுவது வாடிக்கை. இன்னொரு கண்ணியும் உண்டு. ஐபிவி4 பக்கத்தில் மட்டும் எண்ணை மாற்றியிருப்போம். ஐபிவி6 வழியாக ரௌட்டர் தன் டிஎன்எஸ்-ஐச் சத்தமில்லாமல் கொடுத்துக்கொண்டிருக்கும். இரண்டு பக்கமும் மாற்றாவிட்டால் மாற்றியதாகவே கணக்கில்லை.

உபுண்டு போன்ற லினக்ஸ்களில் கோப்பைத் திறந்தால் 127.0.0.53 என்று இருப்பதைப் பார்த்துப் பலர் மிரள்வார்கள். அது கணினிக்குள்ளேயே இயங்கும் சிஸ்டம்டி-ரிசால்வ்டின் எண். உண்மையில் யாரிடம் கேட்கிறது என்று அறிய ‘ரிசால்வ்சிடிஎல் ஸ்டேட்டஸ்’ என்ற கட்டளையைக் கொடுக்க வேண்டும்.

இரண்டு டிஎன்எஸ் எண்கள் எழுத இடம் இருப்பதால், இரண்டாவது அவசரத்துக்கு உதவும் மாற்று என்று நினைக்கிறோம். பாதிதான் உண்மை. லினக்ஸின் பழைய முறையில் முதல் சர்வர் பதில் சொல்லாமலிருந்தால் 5 நொடி காத்திருந்த பிறகே இரண்டாவதைக் கேட்கும். இன்றைய செய்தித் தளத்தின் ஒரு பக்கம் பத்து இருபது வெவ்வேறு பெயர்களிலிருந்து படமும் விளம்பரமும் இழுக்கும். முதல் சர்வர் செத்திருந்தால் ஒவ்வொரு புதுப் பெயருக்கும் 5 நொடி. ‘நெட் ஓடுகிறது, ஆனால் ஊர்கிறது’ என்ற புகாரில், தாமதம் சரியாக 5 நொடி, 10 நொடி என்று வந்தால், கேபிளையோ ரௌட்டரையோ குறைசொல்லும் முன் முதல் வரியில் இருக்கும் எண்ணைச் சோதியுங்கள்.

இதற்கு மேல் பிரவுசரும் இப்போது தனிக்கடை திறந்துவிட்டது. டிஎன்எஸ் கேள்விகள் பிறந்த நாள் முதல் வெட்டவெளியாகவே போய்வந்தன. வழியில் இருப்பவர் எவரும் நீங்கள் எந்தத் தளத்தைத் தேடினீர்கள் என்று படிக்கலாம். இதைத் தடுக்க, கேள்வியைச் சாதாரண வலைப்பக்கப் போக்குவரத்துக்குள் மறைகுறியாக்கி அனுப்பும் முறை 2018இல் தரப்படுத்தப்பட்டது. அமெரிக்கப் பயனர்களுக்கு 2020 முதல் ஃபயர்ஃபாக்ஸ் இதை இயல்பாகவே செய்துவருகிறது. நல்லதுதான். ஆனால் இதனால் பிரவுசர் ஒருவரைக் கேட்கும், அதே கணினியில் மற்ற மென்பொருள்கள் வேறொருவரைக் கேட்கும் என்ற நிலை வரும். ரௌட்டரில் பிள்ளைகளுக்காக வைத்த தடுப்பு பிரவுசரில் மட்டும் பலிக்காமல் போவதற்கு இது ஒரு காரணம். மறைகுறியாக்கம் வழியில் எட்டிப்பார்ப்பவரைத்தான் தடுக்கும். பதில் சொல்பவர் எல்லாக் கேள்விகளையும் பார்த்துக்கொண்டுதான் இருப்பார். இணைப்பு நிறுவனத்தை நம்புவதா, கூகுளின் 8.8.8.8, கிளவுட்ஃபிளேரின் 1.1.1.1, குவாட்9-இன் 9.9.9.9 ஆகியவற்றில் ஒன்றை நம்புவதா என்பது அவரவர் முடிவு. யாரையும் நம்பாமல் இருக்கும் வாய்ப்பு மட்டும் இல்லை.

காற்றின் பக்கம் சொல்ல வேண்டியது குறைவு, ஏனென்றால் மேசைக் கணினிக்கு என் தீர்ப்பு எளிது: கேபிள் போடுங்கள். நகராத பெட்டிக்கு வைஃபை எதற்கு? சுவரைத் துளைக்க வீட்டுக்காரர் விடமாட்டார் என்றால் சில விஷயங்களைக் கவனிக்கலாம். 2.4 கிகாஹெர்ட்ஸில் சேனல்கள் 5 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் இருக்கின்றன, ஆனால் ஒவ்வொரு இணைப்பும் 20 மெகாஹெர்ட்ஸ் அகலம் எடுக்கும். ஒன்றோடொன்று மோதாமல் இருப்பவை 1, 6, 11 மூன்றுதான். அடுக்குமாடிக் குடியிருப்பில் இருபது ரௌட்டர்கள் இந்த மூன்றைப் பங்கிட்டுக்கொள்ளும்போது, சிக்னல் கோடு நிறைந்திருந்தும் வேகம் வராது. கோடு காட்டுவது ரௌட்டரின் குரல் எவ்வளவு உரக்கக் கேட்கிறது என்பதை. பேச இடைவெளி கிடைக்கிறதா என்பதை அல்ல. ரௌட்டரும் கணினியும் 5 கிகாஹெர்ட்ஸ் பேசுமென்றால் அதற்கு மாறுவதே நல்லது. சுவர் தாண்டுவதில் மட்டும் அது சற்று பலவீனம்.

கணினிப் பெட்டியின் முதுகில் செருகிய சிறிய யூஎஸ்பி வைஃபை குச்சிக்கு எதிரிகள் பக்கத்திலேயே இருக்கிறார்கள். ஒரு புறம் இரும்புப் பெட்டி, மறுபுறம் சுவர். அருகிலுள்ள யூஎஸ்பி 3 துளையில் வெளி ஹார்டு டிஸ்க் ஓடினால் இன்னும் மோசம்: யூஎஸ்பி 3 தரவு பாயும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் வானொலி இரைச்சல் கசியும் என்பதை இன்டெல் 2012இல் அளந்தே காட்டியது. கோப்பு நகலெடுக்கும்போது மட்டும் வைஃபை தொங்குகிறது என்றால் காரணம் இதுவாக இருக்கலாம். ஒரு மீட்டர் யூஎஸ்பி நீட்சிக் கேபிள் வாங்கி, குச்சியை மேசைமேல் கொண்டுவந்தால் தீரும்.

ரௌட்டர் 13ஆவது சேனலில் பேச, கணினியோ தான் அமெரிக்காவில் இருப்பதாக எண்ணிக்கொண்டிருந்தால், அந்த வைஃபையின் பெயர் பட்டியலிலேயே வராது. அமெரிக்க அமைப்பில் சேனல்கள் 11 வரைதான். லினக்ஸில் நாட்டுக் குறியீட்டை இந்தியா என்று வைத்தால் தெரியத் தொடங்கும். வைஃபையின் மின்சேமிப்பையும் மேசைக் கணினியில் அணைத்துவிடலாம். பேட்டரியே இல்லாத பெட்டி, பேட்டரியைக் காப்பாற்றுவதற்காக இடையிடையே உறங்கி விழித்துத் தாமதப்படுத்துவதில் பொருளில்லை.

பாஸ்வேர்டு பற்றி ஒன்று. டபிள்யூபிஏ2 முறையில் பாஸ்வேர்டு அப்படியே சாவியாவதில்லை. பாஸ்வேர்டையும் வைஃபையின் பெயரையும் சேர்த்து 4,096 முறை அரைத்துச் சாவி எடுக்கிறார்கள். கம்பெனி வைத்த பொதுவான பெயரையே விட்டுவைத்திருந்தால், அந்தப் பெயருக்குரிய சாவிகளை முன்கூட்டியே கணக்கிட்டு வைத்திருப்பவர்களுக்கு வேலை சுலபம். பெயரை மாற்றினால் அவர்கள் பட்டியல் வீண்.

வைஃபை பாஸ்வேர்டும் ரௌட்டரின் நிர்வாகப் பக்கத்துக்குள் நுழையும் பாஸ்வேர்டும் வேறு வேறு. முதலாவதைப் பலரும் கவனமாக மாற்றுகிறார்கள். இரண்டாவது, ரௌட்டர் பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் ‘அட்மின்’ ஆகவே பல வீடுகளில் கிடக்கிறது. டிஎன்எஸ்சேஞ்சர் ரௌட்டர்களுக்குள் நுழைந்தது இந்த வழியாகத்தான். ரௌட்டரில் அந்த எண் மாறினால் வீட்டிலுள்ள கணினி, போன், டிவி எல்லாமே கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொள்ளும். இந்த வாரம் ஒரு பத்து நிமிடம் ஒதுக்கி ரௌட்டரின் பக்கத்தைத் திறந்து, டிஎன்எஸ் என்ற இடத்தில் என்ன எண் இருக்கிறது என்று பாருங்கள். அது இணைப்பு நிறுவனம் தந்ததும் இல்லை, நீங்கள் எழுதியதும் இல்லை என்றால் மாற்றுங்கள். நிர்வாகப் பாஸ்வேர்டை எப்படியும் மாற்றிவிடுங்கள்.